சூசைமேரி பார்த்த பச்சைத் தீற்றல்

நானும் அம்மாவும் கடைசியாகச் சேர்ந்து செய்த வேலை, முருங்கைக்கீரை ஆய்ந்தது. ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து வந்த பிறகு. கறம்பக்குடி வீட்டுச் சமையலறைத் தரையில் செய்தித்தாள் விரித்து உட்கார்ந்திருந்தோம். சென்னையில் என் அலுவலகத்திலிருந்து கைபேசிக்குச் செய்தி வந்துகொண்டே இருந்தது. அம்மா கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து போய், மடிக்கணினியை எடுத்துவந்து அரிசி வாளி மூடியின் மேல் வைத்தார்.

"பாப்பா, இதப் பாரு. எத்தன இருக்குன்னு சொல்லு."

"என்னது எத்தன?"

"அதச் சொல்லிட்டா அப்பறம் நீ எதுக்குடி?"

திரையில் ஏதோ பச்சையாக இருந்தது. நான் அதை உற்றுப் பார்க்கவில்லை. அம்மாவின் முகத்தைப் பார்த்தேன். ஒன்றுதான் என்றால் இவ்வளவு ஆசையாகக் கூப்பிட்டிருக்க மாட்டார்.

"ரெண்டு," என்றேன்.

"நல்லாப் பாத்தியா?"

"பாத்தேம்மா. ரெண்டு. கீரையில காம்பு கெடக்கு, அத எடு."

அம்மா தன் நோட்டில் என் பெயர் போட்டு எழுதினார்: 'இரண்டாவது பார்வை: ஃபெமினா. இரண்டு மையம். முன்கூட்டிச் சொல்லவில்லை.' பதினோரு நாள் கழித்து, வியாழக்கிழமை காலை, மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தபோது இறந்துபோனார். இதயம். வயது அறுபத்து நான்கு.

நான் சொன்ன அந்த 'ரெண்டு' பொய். ஒரு விண்மீன் திரளில் இரண்டு மையம் இருப்பதை முதலில் கண்டவர் என்று அம்மாவின் பெயர் அச்சாகுமா என்பது அந்தப் பொய்யின் மேல் நிற்கிறது.

அம்மா, சூசைமேரி, ஆவூர்ப் பக்கம் பிறந்தவர். திருச்சியில் லேப் டெக்னீசியன் படித்து, கறம்பக்குடி வட்டாரத்தில் ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் முப்பத்து மூன்று ஆண்டுகள் வேலை பார்த்தார். பாதி நேரம் மலேரியா ஸ்லைடு. விரல் நுனியில் குத்தி எடுத்த ரத்தத்தைக் கண்ணாடியில் தீற்றி, சாயம் ஏற்றி, மைக்ராஸ்கோப்பில் வைத்து, நகர்த்தி நகர்த்தி நூறு இடம் பார்க்க வேண்டும். நூறிலும் கிருமி தென்படாவிட்டால்தான் 'நெகட்டிவ்' என்று எழுதலாம். அப்படி எழுதியவற்றிலும் ஒரு பங்கு புதுக்கோட்டைக்குப் போகும். அங்கே மறுபடி பார்ப்பவருக்கு, முதலில் பார்த்தவர் என்ன எழுதினார் என்று தெரியக் கூடாது. அந்த வேலையில் இருந்தவர் அமிர்தவல்லி. அம்மாவின் சிநேகிதி.

1996-ல் அழகுமலை என்பவரின் ஸ்லைடை அம்மா அறுபது இடத்தோடு நிறுத்திவிட்டு நெகட்டிவ் என்று எழுதினார். ஒடிசாவில் போர்வெல் வண்டியில் வேலை பார்த்துத் திரும்பியவர். வெளியே கூட்டம், அவசரம். அமிர்தவல்லி எழுபத்திரண்டாவது இடத்தில் கிருமியைக் கண்டார். நான்கு நாள் தாமதமாக மாத்திரை போயிற்று. அவர் பிழைத்துக்கொண்டார். ஆனால் சந்தையில் எப்போது பார்த்தாலும் விடமாட்டார்.

"ஏய், வழி விடுங்கப்பா. என்னய நல்லாருக்கேன்னு எழுதிக் குடுத்த அம்மா வாராங்க."

அம்மாவும் சிரிப்பார். அன்று வீட்டுக்கு வந்து அதிகம் பேச மாட்டார்.

ஓய்வு பெற்ற பிறகு, படிக்கும் கண்ணாடி மாற்ற எழிலரசன் அண்ணன் கடைக்குப் போனார். அண்ணன் கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். வானம் பார்க்கும் ஆர்வலர் குழு ஒன்றையும் நடத்துகிறார். கடைச் சுவரில் இருந்த படத்தை அம்மா பார்த்திருக்கிறார்.

"இது என்ன ஸ்லைடு தம்பி? சாயம் கூடிப்போச்சே."

"ஸ்லைடு இல்லக்கா, கேலக்ஸி. கோடி கோடி நட்சத்திரம்."

"அப்ப இது அழுக்கு இல்லையா?"

"அழுக்கா, நெசமான்னு பாத்துச் சொல்லத்தான் எங்களுக்கு ஆள் இல்ல."

பெரிய தொலைநோக்கிகள் எடுத்த படங்கள் இணையத்தில் பொதுவில் கிடக்கின்றன. கணினி வகைப்படுத்தியதில் தப்பு இருக்கும். மனிதக் கண் தேவைப்படுகிறது. அம்மா தினமும் காலை பத்து மணிக்கு உட்கார்ந்து ஐம்பது படம் பார்ப்பார். ஆறு வருடம். குழுவுக்கு ஒரு விதியும் கொண்டுவந்தார்: ஒருவர் கண்டதை இன்னொருவர், எதுவும் தெரியாமல், பார்த்துச் சொல்ல வேண்டும். அது இல்லாமல் எதுவும் கண்டுபிடிப்பு ஆகாது.

அந்தப் பச்சைத் தீற்றலை, முன்னால் ஒரு நட்சத்திரம் மறைத்து நிற்கும் ஒற்றைத் திரள் என்று கணினி எழுதியிருந்தது. அது நட்சத்திரம் அல்ல, இன்னொரு மையம் என்றார் அம்மா. இரண்டு திரள்கள் மோதி ஒன்றாகிக்கொண்டிருக்கின்றன என்றார்.

அடக்கம் முடிந்து ஏழு வாரம் கழித்து எழிலரசன் அண்ணன் போன் செய்தார். ஒரு பல்கலைக்கழகக் குழு அதன் ஒளியைப் பிரித்துப் பார்த்திருக்கிறது. இரண்டு மையங்கள், இரண்டு வேகங்கள். மோதலில் நட்சத்திரங்கள் கண்டபடி பிறந்துகொண்டிருக்கின்றன. மையத்தில் நடக்க வேண்டிய பிறப்பு, இதில் இழுபட்டு நீண்ட வாலின் நுனியில் நடக்கிறது. இப்படி அதிகம் பார்த்ததில்லையாம்.

"அக்கா சொன்னது அப்படியே சரி, ஃபெமினா. ஆனா நாகர்கோவில்ல ரெண்டு பேரு இதையே ஆறு நாள் கழிச்சுப் பாத்து எழுதிருக்காங்க. ரெண்டு பார்வையும் சுத்தமா இருக்கு. அக்காதான் முதல். ஒன்னோட பார்வை இருக்குல்ல, அதச் சேத்து அனுப்பிருவோம். யுனிவர்சிட்டிக்காரங்க கட்டுரைக்கு மாசக் கடைசிக்குள்ள பேரு குடுக்கணும்."

யோசித்துச் சொல்கிறேன் என்றேன்.

என் தொழில் கணினி சிப் சோதனை. வடிவமைத்தவர் எதிர்பார்க்கும் விடையைப் பார்த்துவிட்டு ஒரு சிப்பைச் சோதித்தால் அந்தச் சோதனை செல்லாது. இதைப் புதிதாகச் சேர்பவர்களுக்குப் பாடம் எடுக்கிறேன்.

அன்று முதல் படத்தைத் திறந்து பார்த்துக்கொண்டே இருக்கிறேன். பெரிதாக்கி, சிறிதாக்கி, தலைகீழாக்கி, கறுப்பு வெள்ளையாக்கி. ஒவ்வொரு முறையும் இரண்டு தெரிகிறது. விடை தெரிந்த கண்ணுக்கு வேறெதுவும் தெரியாது. குளியலறைச் சுவரில் நீர் இறங்கிய கறையிலும் இரண்டு. சாலையில் சிந்திய எண்ணெயிலும் இரண்டு. அலுவலகத்தில் ஒருவர் பேசிக்கொண்டிருக்கும்போது அவர் கண்ணாடியில் விளக்கு இரண்டாகத் தெரிந்தது. அவர் என்ன சொன்னார் என்று எனக்குத் தெரியாது. பின்னால் அம்மா நின்று, நல்லாப் பாத்தியா என்று கேட்பது போலவே இருக்கிறது. திரும்புவதில்லை.

போன சனிக்கிழமை கறம்பக்குடிக்குப் போய்க் கடையில் நேராகச் சொன்னேன்.

"அண்ணே, நான் அன்னைக்குப் படத்தப் பாக்கல. அம்மா மூஞ்சியப் பாத்துத்தான் சொன்னேன்."

அவர் துடைத்துக்கொண்டிருந்த கண்ணாடியை வைத்தார்.

"அதான் காரணமா," என்றார். "அந்த வாரம் அக்கா வந்து அஞ்சு படம் பிரிண்ட் போடச் சொன்னாங்க. இது ஒண்ணு, மத்த நாலும் சும்மா. பேரு போடாத, நம்பரு மட்டும் போடுன்னாங்க. எதுக்குக்கான்னு கேட்டேன். அமிர்தத்துக்குன்னாங்க. பாப்பாதான் பாத்துருச்சேன்னேன். அது ஆபீஸ் டென்ஷன்ல இருக்கு, விடுன்னுட்டாங்க."

"நேர்ல கொண்டு போறேன்னாங்களா?"

"இல்ல. நேர்ல போனா நானே காட்டிக் குடுத்துருவேன், தபால்லதான் போடணும்னாங்க. அடுத்த வியாழக்கிழம போஸ்ட் ஆபீஸ் போறேன்னு சொன்னாங்க."

வீட்டுக்கு வந்து அம்மாவின் நோட்டை முதல்முறையாகத் திறந்தேன். என் பெயர் இருந்த வரி அடிக்கப்பட்டிருந்தது. சுகாதார நிலையப் பதிவேட்டில் தவறைத் திருத்துவது போல, எழுத்து கீழே தெரியும்படி ஒரே கோடு. பக்கத்தில் சுருக்கக் கையெழுத்து, தேதி. அதே ஞாயிற்றுக்கிழமை. 'செல்லாது. வேறு ஆள்.' அன்று அந்தக் கீரையைப் பொரியல் செய்து எனக்குப் பரிமாறினார். ஒரு சொல் சொல்லவில்லை.

பூசைக்குக் கொண்டுபோகும் பையில் உறை இருந்தது. அமிர்தவல்லி, அறந்தாங்கி, தெருப் பெயர், பின்கோடு, எல்லாம் எழுதியாயிற்று. ஸ்டாம்ப் ஒட்டவில்லை. வாய் ஒட்டவில்லை. உள்ளே ஐந்து படங்கள், ஒரு துண்டுச் சீட்டு. 'அமிர்தம், ஒவ்வொண்ணுலயும் எத்தன மையம்னு நம்பர் போட்டு எழுதி, கடைக்காரத் தம்பிக்கு அனுப்பு. எனக்குப் போன் பண்ணிக் கேக்காத. கண்ணாடியப் போட்டுக்கிட்டுப் பாரு. சூசை.' கீழே கடை விலாசம்.

அமிர்தவல்லி அத்தைக்குக் கைபேசியில் பேச மட்டும்தான் தெரியும். இந்தப் படம் அவர் கண்ணில் பட்டிருக்காது. அடக்கத்துக்கு வந்து கல்லறை வரை நடந்தவர். இந்தக் கையெழுத்தில் ஒரு கடிதம் வந்தால் என்ன ஆவார் என்று தெரியவில்லை. முன்னதாகப் போன் செய்து சொல்லலாம். சொன்னால் ஏன், எதற்கு என்பார். என் குரல் எதையாவது காட்டிக்கொடுக்கும். அவருக்கு எழுபது வயது. அந்தப் படத்துக்கு ஒன்று என்றும் எழுதலாம். அப்படி எழுதினால் நாகர்கோவில்காரர்கள்தான் முதல்.

இன்று இருபத்திரண்டாம் தேதி. தபால் அலுவலகம் நான்கு மணி வரை. உறையில் நான் ஒரு சொல்லும் சேர்க்கவில்லை. ஸ்டாம்ப் வாங்க வேண்டும்.