பன்னிரண்டு மணி அழைப்பு

சுந்தரேசன் சாரின் மகள் காலை பத்தரைக்குப் போன் செய்தாள். புனேயிலேயே வளர்ந்தவள்; தமிழ் தயங்கித்தான் வரும். "ஆன்ட்டி, அப்பா போயிட்டாங்க. பன்னெண்டு மணிக்கு உங்களுக்கு போன் வராது. வெயிட் பண்ணாதீங்க."

அழுகைக்கு முன் பயம்தான் வந்தது. முந்தின நாள் மதியத்துக்குப் பிறகு அவர் பதிந்ததெல்லாம் அவருடைய கம்ப்யூட்டரில் மட்டுமே இருந்தது.

நம் இலவச மருத்துவமனைக்கு வந்த உங்களுக்கு, தேஹு ரோடில் சீட்டு எழுதும் சிரித்த முகமாக அவரைத் தெரியும். போபோடி, தேஹு ரோடு, லோஹேகாவ் என்று அதன் மூன்று கிளைகளிலும் நோயாளிகளின் விவரம் ஒன்றுபோல இருக்கப் பார்த்துக்கொண்டவரும் அவர்தான். மூன்று பிள்ளைகள் தனித்தனி நோட்டில் எழுதிவிட்டு, மதியம் பன்னிரண்டுக்கு ஒப்பிட்டுத் திருத்திக்கொள்வதைப் போன்ற வேலை. ஒரே நோயாளியைப் பற்றி இரண்டு நோட்டில் வேறுவேறாக இருந்தால், பிந்திய நேரம் உள்ள பக்கமே முழுதாக நிற்கும்; மற்றது அழிந்துவிடும்.

ஓய்வுபெற்ற டீச்சரான நான் போபோடியில் பதிவேன். ஒருநாள் காலை கரண்ட் போய் வந்ததும் கம்ப்யூட்டரின் தேதி மாறியிருந்தது. கையால் திருத்தும்போது மறுநாள் தேதியை வைத்துவிட்டேன். அப்படியே சாந்தாபாய் என்ற நோயாளியின் புதிய போன் நம்பரையும் பதிந்தேன். அதற்குப் பிறகு அந்த அம்மா காலில் புண்ணோடு லோஹேகாவ் போயிருக்கிறார். பென்சிலின் ஒத்துக்கொள்ளாது என்று அங்கே பதிந்துகொண்டு, மாலையில் டாக்டர் இருக்கும் தேஹு ரோடுக்கு அனுப்பினார்கள். மதியம் ஒப்பிட்டபோது என் 'நாளைய' பதிவு வென்றது. பென்சிலின் வரி மூன்று இடத்திலும் அழிந்தது. எழுதிக்கொண்டார்களே என்று அந்த அம்மாவும் மறுபடி சொல்லவில்லை.

மாலையில் சார் கூப்பிட்டார். "டீச்சர், இன்னைக்கு என்ன தேதி?"

சொன்னேன்.

"உங்க கம்ப்யூட்டரு நாளைக்கே போயிட்டுல்லா. அங்க எல்லாரும் சௌக்கியமான்னு கேளுங்க." பிறகு குரல் இறங்கியது. "சாந்தாபாய்க்குப் போட பென்சிலின ஊசில ஏத்தியாச்சு. போடுறதுக்கு முன்னால நாளைத் தேதியப் பாத்து நிறுத்தச் சொல்லிட்டேன். லோஹேகாவ்ல கேட்டா, பென்சிலின் ஆகாதாம்."

போனை வைக்காமலே கம்ப்யூட்டரின் தேதியைத் திருத்தினேன்.

"எனக்கும் பயமாத்தான் இருக்கு டீச்சர். இந்தப் பயத்த மட்டும் விட்டுராதீய."

மறுநாளிலிருந்து, ஒப்பிடுவதற்கு முன் இரண்டு இடத்துக்கும் போன் செய்து தேதியும் மணியும் கேட்பார். "நகல் மூணு இருந்தா நிஜம் மூணு மடங்காயிருமா?" என்பார்.

அவர் போன அன்று மதியம் லோஹேகாவ் நர்ஸ் போனில், "ஒப்பிட்டுடலாமா டீச்சர்?" என்றாள். வேண்டாம் என்றேன். ஷேர் ஆட்டோவில் தேஹு ரோடு போனேன். அவருடைய நாற்காலியில் உட்கார மனம் வரவில்லை; நின்றபடியே, கடைசி மாலை அவர் பதிந்த ஒவ்வொரு பெயரையும் போனில் வாசித்தேன். அதே பெயருக்கு லோஹேகாவில் வேறு விவரம் உண்டா என்று நர்ஸ் பார்த்தாள். கடைசிப் பெயர் முடிந்ததும் ஒப்பிடும் பொத்தானை அழுத்தாமல் நின்றேன்.

"இன்னும் என்ன டீச்சர்?"

"அங்க இப்ப தேதி என்ன, மணி என்ன? சொல்லும்மா."

இப்போது தினமும் நான்தான் கேட்கிறேன். அவரிடமிருந்து என்னிடம் இருப்பது அந்தக் கேள்வியும், பதில் வரும்வரை விலகாத அந்தப் பயமும்தான்.