பெரட்டு நேரத்துப் படம்

“நான் மட்டும்தான் நிக்கிறேன். மத்த பொம்பளைங்கள்லாம் எங்க தம்பி? பனிக்கா நான் பெரட்டு எடுத்தேன்?”

சாயந்தரம் தேயிலைக் கொழுந்து நிறுக்கிற கொட்டகைக்கு வெளியே நின்று அந்த அக்கா கேட்டார். நான் அன்றைக்குத்தான் ஹட்டனிலிருந்து கழுவி வாங்கிவந்த படம் அவர் கையில் இருந்தது. படத்தில் அவர் அச்சு அசலாக இருந்தார். கையில் கோல், இடுப்பில் சுற்றிய படங்குச் சாக்கு, நெற்றிப் பொட்டுகூடத் தெரிந்தது. அவருக்குப் பின்னால் இருபது பேருக்கு மேல் இருந்திருக்க வேண்டும். கடைசியில் நாலைந்து பேர் மட்டும் மங்கலாக நின்றார்கள். மற்றவர்கள் நின்ற இடத்தில் பனியும் தேயிலைச் செடியும்தான்.

அவர் சிரித்துக்கொண்டுதான் கேட்டார். ஆனால் படத்தைப் பிடித்திருந்த விரல் சிரிக்கவில்லை. திங்கட்கிழமை பழைய கங்காணி வேலைக்குத் திரும்புகிறார், அதன்பிறகு அக்காவுக்குப் பெரட்டு கிடையாது. அதற்குள் ஒரு சரியான படம் வேண்டும். இல்லையென்றால், தான் பெரட்டு எடுத்ததாக அந்த அக்கா சொல்வதை அவருடைய அண்ணன் எந்தக் காலத்திலும் நம்பப் போவதில்லை.

எங்கள் தேயிலைத் தோட்டம் இலங்கை மலையகத்தில், பூண்டுலோயாப் பக்கம். விடியற்காலையில் ஆட்களைக் கூட்டி நிறுத்தி, பேர் போட்டு, மலைக்கு அனுப்புவதுதான் பெரட்டு. பேர் விழுந்தால்தான் அன்றையச் சம்பளம். அதை எடுப்பது கங்காணி. கங்காணி என்றால் ஆம்பிளை. வேறு மாதிரி இருக்கலாம் என்று எங்களில் யாரும் யோசித்துக்கூடப் பார்த்ததில்லை. அப்போது கொழுந்துப் பெண்களின் கங்காணி மழைத் தண்ணீர் ஓடுகிற கான் ஓரத்தில் வழுக்கி விழுந்து முழங்காலை உடைத்துக்கொண்டார். பக்கத்து கங்காணியை வைத்துச் சமாளிக்கப் பார்த்தார்கள். இரண்டு கூட்டத்தையும் மேய்க்க முடியாமல் அவர் திணற, பெண்கள் மலையேற வெயில் வந்துவிட்டது. மலை வேலைகளை மேற்பார்க்கிற கண்டாக்கையா கடுப்பாகி, குரல் பெரிதாக இருந்த இந்த அக்காவைக் கூப்பிட்டு, “அவரு எந்திரிச்சு வர்ற வரைக்கும் நீயே பாத்துக்க” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அந்தக் குரலைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் வரிசை வீடுகளில், அவர் கீழ் லயத்தில் பிள்ளையைத் திட்டினால் மேல் லயத்துப் பிள்ளை படிக்க உட்காரும் என்பார்கள். முதல் நாள் பெரட்டுக்குப் போகும்போது, தேயிலைச் செடிக்குக் கவ்வாத்து வெட்டப் போகிற ஆம்பிளை ஒருவர் பாதை ஓரமாக ஒதுங்கி, “கங்காணியம்மா வர்றாங்க, எல்லாரும் வழி விடுங்கப்பா” என்று கேலி பண்ணினார். அக்கா நிற்கவில்லை. “நல்லது அண்ணே, நாளைக்கும் இதே எடத்துல ஒதுங்கி நில்லுங்க” என்று சொல்லிவிட்டு நடந்தார். மறுநாளிலிருந்து அந்த மனுசன் வேறு பாதையில் போனார்.

லிந்துலையில் இருந்த அவருடைய அண்ணனும் ஒரு கங்காணி. கோயில் திருவிழாவில் தன் ஆட்கள் எல்லார் முன்னாலும் அவர் சொன்னாராம்: “எங்க தங்கச்சி பெரட்டு எடுக்குறாளாம். செப்புச் சாமான்ல சோறு பொங்குன மாதிரிதான் இருக்கும்.” வந்து பாருங்கள் என்று கூப்பிட்டால், அதே நேரத்தில் அவருக்கும் அங்கே பெரட்டு. “கண்ணால பாத்தா நம்புறேன்” என்று அவர் சொன்னது, பார்க்க வரவே முடியாது என்று தெரிந்துதான். அந்தக் கோபத்தோடுதான் அக்கா என்னிடம் வந்தார்.

என்னிடம் ஏன் வந்தார் என்றால், தோட்டத்தில் கேமரா வைத்திருந்த ஒரே தொழிலாளி நான். பாக்டரியில் மெசின் பழுது பார்க்கிறவருக்குக் கையாளாக இருந்தேன். வெள்ளைக்காரத் துரைமார் ஒவ்வொருவராகக் கப்பல் ஏறிக்கொண்டிருந்த காலம் அது. ஒரு சின்னத்துரை போகும்போது பங்களாச் சாமான்களை விற்றார். நாற்காலிக்கும் படுக்கைக்கும் போட்டி போட்டவர்கள் யாரும் அந்த மடக்குக் கேமராவைத் தொடவில்லை. திறந்தால் கொல்லன் துருத்தி மாதிரி முன்னால் வரும். எப்படிப் படம் எடுப்பது என்று யாரும் சொல்லித் தரவில்லை. பிலிமைப் பாழாக்கிப் பாழாக்கித்தான் கற்றுக்கொண்டேன்.

கேமராவின் கண்ணைச் சட்டென்று திறந்து மூடுகிற படம் யாருக்கும் வரும். எனக்குப் பிடித்தது, திறந்த கண்ணை மூடாமல் வைத்திருக்கும் படம். கேமராவில் அதற்கென்று ஒரு குறி இருக்கிறது. அதில் வைத்து அழுத்தினால், அழுத்தியிருக்கும் வரைக்கும் கண் திறந்தே இருக்கும். முதலில் பாக்டரிக்குக் கீழே இருக்கிற அருவியை அப்படி எடுத்தேன். தண்ணீர் பால் மாதிரி வழுவழுவென்று விழுந்தது. லயத்தில் காட்டினால், “யாரு தம்பி இவ்வளவு நீளமா வேட்டி காயப் போட்டது?” என்று கேட்டார்கள். அன்றிரவு சந்தோஷத்தில் எனக்குச் சோறு இறங்கவில்லை.

இந்த மாதிரிப் படத்துக்குக் கேமரா இம்மியும் அசையக் கூடாது. சவுக்குக் கம்பில் மூன்று கால் செய்து, நுனியில் ஆணி அடித்து, அரத்தால் கூராக்கினேன். மலை மண்ணில் குத்தினால் பிடித்துக்கொள்ளும். காற்றுக்கு ஆடாமல் இருக்க, நடுவில் ஒரு சாக்கில் கல்லைக் கட்டித் தொங்கவிட்டேன். விரலால் அழுத்தினால் அந்த அசைவே படத்தைக் கெடுக்கும். அதனால் ஹட்டனில் பிலிம் விற்று, கழுவித் தருகிற முஸ்லிம் கடைக்கார நானாவிடம் ஒரு கேபிள் வாங்கினேன். சைக்கிள் பிரேக் கம்பி மாதிரி, தூர நின்றே அழுத்தலாம். பனி கண்ணாடியில் படியாமல் இருக்க, பால் டின்னை இரண்டு பக்கமும் வெட்டி, உள்ளே அடுப்புக்கரி பூசி, முன்னால் மாட்டினேன். அதைப் பார்த்த நானா, “துரை வச்சிருந்த சாமானுக்கு நீ தொப்பி போட்டுட்ட” என்றார். கடைக்கு வந்தவர்களுக்கெல்லாம் அந்தத் தொப்பியை எடுத்துக் காட்டவும் செய்தார்.

வெயில் வந்த பிறகு எடுத்தால் இத்தனை பாடு தேவையில்லை என்று அக்காவிடம் சொல்லிப் பார்த்தேன்.

“வெயில் வந்தா நானும் கூடைய மாட்டிக்கிட்டுக் கொழுந்து எடுக்கிறவதான் தம்பி. பெரட்டு நேரத்துலதான் நான் கங்காணி. அதை எடு.”

அவர் சொன்னது நியாயம். பெரட்டு நேரத்தில் ஆள் முகம் பக்கத்தில் வந்தால்தான் தெரியும். பளிச்சென்று அடிக்கிற பல்பு என்னிடம் இல்லை. இருந்தாலும் அந்தப் பனியில் அடித்தால் வெள்ளைச் சுவர்தான் வரும். முன் வரிசையும் பின் வரிசையும் தெளிவாக வேண்டுமென்றால் கண்ணைச் சின்னதாக வைக்க வேண்டும். சின்னதாக வைத்தால் நேரம் கூடும். பன்னிரண்டு எண்ணும் வரைக்கும் எல்லாரும் சிலையாக நிற்க வேண்டும் என்று கணக்குப் போட்டேன்.

முதல் தடவை கெட்டது அந்த எண்ணிக்கையால்தான். பாக்டரியில் உருளைகள் போடுகிற சத்தத்தில் எதையும் வாய்விட்டு எண்ணித்தான் எங்களுக்குப் பழக்கம். கேபிளை அழுத்திக்கொண்டு, “ஒன்னு” என்றேன் சத்தமாக. எங்கள் பெரட்டுக்களத்திலிருந்து மலைக்குப் போகிற பாதை ஒற்றையடிப் பாதை. நெரிசல் வராமல் இருக்க கங்காணி ஒன்னு, ரெண்டு என்று எண்ணுவார். ஒவ்வொரு எண்ணுக்கும் ஒருத்தி வரிசையிலிருந்து கிளம்புவாள். வருஷக்கணக்கான வழக்கம். காது கேட்டதும் கால் தானாகப் போகும். நான் “ஒன்னு” என்றதும் முதலில் நின்றவள் கிளம்பிவிட்டாள். “ரெண்டு” என்றேன், அடுத்தவள் போனாள். கண்ணைத் திறந்துவிட்டேன், நிறுத்தவா தொடரவா என்று எனக்குப் புரியவில்லை. புரியாததால் பன்னிரண்டைத் தாண்டியும் எண்ணிக்கொண்டே இருந்தேன். அக்காவிடம் உதடுகூட அசையக் கூடாது என்று சொல்லி வைத்திருந்தேன். அவர் சொன்ன சொல் தவறாமல், கண்ணை மட்டும் உருட்டிக்கொண்டு, தன் கூட்டம் ஒவ்வொருத்தியாக மலையேறிப் போவதைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

நானா அந்தப் பிலிமை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, “தம்பி, இது ஆளா ஆவியா?” என்றார்.

இப்போது நானா கடனாகக் கொடுத்த பாதி ரோலில் ஒரே ஒரு படம்தான் பாக்கி. நாளும் ஒன்றுதான், மறுநாள் சனிக்கிழமை.

அன்றைக்குப் பனி கொஞ்சம் மெலிந்திருந்தது. கால்களைக் குத்தி, கல்லைத் தொங்கவிட்டு, கண்ணாடியைத் துடைத்து நின்றேன். அக்கா வரிசைக்கு முன்னால் வந்தார்.

“இந்தத் தம்பி எண்ணினாலும் சரி, யாரு எண்ணினாலும் சரி, என் வாயில இருந்து வராம ஒருத்தியும் காலை எடுக்கக் கூடாது.”

“மூக்கு அரிச்சா என்னக்கா செய்யிறது?” என்று பின்னாலிருந்து ஒருத்தி.

“அரிக்கட்டும்டி. அதுக்குள்ள ஒன் மூக்கு ஓடிப் போயிடாது.”

“படத்துல என் கொண்டை தெரியுமா?”

“வாயை மூடுனா எல்லாம் தெரியும்.”

சிரித்து அடங்கினார்கள். அக்கா கோலை ஊன்றித் திரும்பி நின்றார். நான் கேபிளை அழுத்தினேன். டிக் என்று ஒரு சத்தம். மனசுக்குள் ஒன்று, இரண்டு.

அப்போதுதான் லயத்துப் பக்கமிருந்து, ஒரு கம்பை ஊன்றிக்கொண்டு பழைய கங்காணி வந்தார். திங்கட்கிழமை வர வேண்டியவர். படுத்துப் படுத்துச் சலித்துப் போய், கால் எப்படி இருக்கிறது என்று நடந்து பார்க்க வந்திருக்கிறார். அவரைக் குறை சொல்ல முடியாது. டிக் என்றால் படம் முடிந்தது என்றுதான் ஊரில் யாரும் நினைப்பார்கள்.

“எடுத்தாச்சுல்ல? என்ன வேடிக்கை, போங்க போங்க” என்று அதட்டியபடி, பெண்களுக்கும் கேமராவுக்கும் நடுவில் நடந்தார். நடந்துகொண்டே எண்ணத் தொடங்கினார். “ஒன்னு.”

நான் கேபிளை விடாமல் அழுத்திப் பிடித்தேன். முதலாவதாக நின்றவள், போன தடவை முதல் ஆளாகப் போனவள்தான், கால் பெருவிரலை மண்ணில் அழுத்திக்கொண்டு நின்றாள்.

“ரெண்டு. மூணு.” கங்காணியின் குரல் ஏறியது. “காது கேக்கலையா ஒங்களுக்கு? நாலு.”

அவர்களுக்குப் பேர் போடுகிற மனுசன். பேரை வெட்டவும் தெரிந்த மனுசன். திங்கட்கிழமையிலிருந்து மறுபடியும் அவர் கையில்தான் அவர்கள் சோறு. அத்தனை பேருக்கும் அது தெரியும். ஒருத்தியும் அசையவில்லை. கூடைக் கயிறு நெற்றியில், கை இடுப்பில், கண் நேராக. அக்கா அவர் பக்கம் திரும்பக்கூட இல்லை. நான் மனசுக்குள் பன்னிரண்டு முடித்து, கேபிளை விட்டேன். இன்னொரு டிக்.

“முடிஞ்சுது அக்கா” என்றேன்.

அக்கா மூச்சை விட்டார். கங்காணியைப் பார்த்து, “வாங்க கங்காணி, கால் தேவலையா?” என்று மரியாதையாகக் கேட்டார். பிறகு வரிசையைப் பார்த்து, “ஒன்னு” என்றார். முதலாவது ஆள் கிளம்பினாள்.

அடுத்த வாரம் படம் வந்தது. நானா அதைக் கடைக் கண்ணாடிக்குள் மாட்டட்டுமா என்று கேட்டார், நான் கொடுக்கவில்லை. அதற்கு முன்னும் பின்னும் எத்தனையோ படம் எடுத்திருக்கிறேன். இந்த ஒன்றை நினைத்தால்தான் இப்போதும் என் முதுகு நேராகிறது. இருபதுக்கு மேல் முகம், ஒவ்வொன்றும் செதுக்கின மாதிரி. கொண்டை கேட்டவளின் கொண்டைகூட இருந்தது.

காலையில் பெரட்டுக்களத்துக்கே கொண்டுபோனேன். கங்காணி திரும்ப வேலைக்கு வந்துவிட்டார், அக்கா கூடையோடு வரிசையில் நின்றார். படம் கை மாறி கை மாறிப் போய்க் கடைசியில் கங்காணியிடம் வந்தது. அவர் அதை வெளிச்சத்துக்குத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“நான் எங்கடா? இவளுக முன்னாலதானே நடந்து போனேன்?”

“நடந்துகிட்டே இருந்தீங்க கங்காணி” என்றேன். “இதுல நிக்கிறவங்கதான் விழுவாங்க.”

“ஒரு மாசமா லயத்துல படுத்திருந்தாரே, அப்ப எடுத்திருந்தா அருமையா விழுந்திருப்பாரு” என்றது வரிசையிலிருந்து ஒரு குரல். முந்தானைக்குள் சிரிப்பு ஓடியது. கங்காணி முறைத்துப் பார்த்தார். பிறகு அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. படத்தை அக்காவிடம் நீட்டினார். “வச்சுக்க. நல்லாத்தான் நிக்கிறீங்க.”

அக்கா படத்தை இரண்டு அட்டைக்கு நடுவில் வைத்து, துணியில் சுற்றினார்.

“கங்காணி, இன்னைக்கு எனக்குப் பேர் போட வேணாங்க.”

“ஏன், ஒடம்புக்கு முடியலையா?”

“ஒடம்பு நல்லாத்தான் இருக்கு. லிந்துலைக்குப் போறேன். எங்க அண்ணன் ஆளுங்க எல்லாம் பகல் கொழுந்து நிறுக்க வர்ற நேரத்துக்குப் போய்ச் சேரணும்.”

கங்காணி அடுத்த ஆளுக்குப் பேர் போட்டார். அக்கா தலையிலிருந்து கூடைக் கயிற்றை எடுத்து, கூடையைப் பக்கத்தில் நின்றவளிடம் கொடுத்தார். படங்கை அவிழ்த்து அதற்குள் போட்டார். சேலையை உதறிச் சரிபண்ணிக்கொண்டு, பஸ் ரோட்டுக்கு இறங்கும் குறுக்குப் பாதையில் வேகமாக நடந்தார்.