சுவரில் ஒட்டிய உமி

எனக்குக் கல்யாணம் பேசியபோது சேரன்மகாதேவிக்கு வந்த என் அப்பா, மாப்பிள்ளையை விடக் குலுக்கைகளைத்தான் அதிக நேரம் பார்த்தார். குலுக்கை என்றால் நெல் கொட்டிவைக்கும் மண்குதிர், ஆள் உயரத்துக்கும் மேலே இருக்கும். அந்த வீட்டில் மூன்று நின்றன. அப்பா முக்காலியில் ஏறி ஒவ்வொரு மூடியாகத் திறந்து, ஒரு பிடி நெல்லை அள்ளிப் பார்த்துவிட்டு இறங்கினார். அன்றைக்கே வெற்றிலை மாற்றிக்கொண்டார்கள். பெண் கொடுக்கிறவர்கள் வேறு எதைப் பார்ப்பார்கள்?

நான் வாழ்க்கைப்பட்டு வந்த பிறகு ஒரு குலுக்கையிலிருந்துதான் நெல் எடுத்தோம். மற்ற இரண்டும் விதைநெல், தொடக்கூடாது என்று மாமியார் சொல்லியிருந்தார். நானும் நம்பினேன்.

கல்யாணமான அந்த வருஷமே ஐப்பசியில் தாமிரபரணி ஊருக்குள் வந்தது. கோயில் மண்டபத்தில் ஒதுங்கியிருந்துவிட்டு, தண்ணீர் வடிந்ததும் வீடு திரும்பினோம். தெருவெல்லாம் நனைந்த நெல்லின் புளித்த வாடை. எங்கள் வீட்டில் மட்டும் அது அவ்வளவாக இல்லை. கதவைத் தள்ளினால், குலுக்கைகள் அடி கரைந்து சரிந்து கிடந்தன. கூடம் முழுக்க உமி. சேற்றின் மேல் உமி, பாத்திரத்துக்குள் உமி, தண்ணீர் நின்ற உயரம் வரைக்கும் சுவரெல்லாம் உமி. வாசல்படி தாண்டி மிதந்து போய் எதிர்வீட்டு நடையிலும் ஒதுங்கியிருந்தது. மேலாகக் கொஞ்சம் நெல்லைப் பரப்பி, அடியில் எல்லாம் உமியைக் கொட்டி வைத்திருக்கிறார்கள்.

எனக்கு முதலில் வந்தது கோபம்தான். எதிர்வீட்டு அம்மாள் உமியைக் கூட்டித் தள்ளிக்கொண்டே எங்களைப் பார்த்தாள், பிறகு பார்க்காதவள்போலத் திரும்பிக்கொண்டாள். அவள் சிரித்திருந்தால்கூடத் தேவலை. எனக்கு வெட்கமாகப் போயிற்று.

மாமியார் புறவாசலில் உட்கார்ந்து, உள்ளே வரவே மாட்டேன் என்றுவிட்டார். என் கணவர் மாடுகளைத் தேடிப் போயிருந்தார். அதுவரை என் முன்னால் நின்று ஒரு வார்த்தை பேசியறியாத மாமனார் தலையைக் குனிந்துகொண்டு சொன்னார்: "உங்கப்பா வண்டி கெட்டிப் பொறப்பட்டாச்சுன்னு ஆள் வந்து சொல்லுதான். அவுக வாறதுக்குள்ள அள்ளிருவோம் தாயி."

அவரே விளக்குமாற்றை எடுத்தார். பிடிக்கத் தெரியவில்லை. இருவருமாக வாரி வாரி எருக்குழியில் கொட்டினோம். தரை ஓரளவு தெரிந்தது, சுவர்தான் விடவில்லை. தேங்காய்நாரை வைத்துத் தேய்த்தால் உமியோடு சுண்ணாம்பும் பெயர்ந்து வந்தது. இந்தக் கோலத்தைப் பார்த்தால் அப்பா என்னைக் கையோடு கூட்டிப் போய்விடுவார் என்று பயந்தேன். தேய்த்துக்கொண்டிருக்கும்போதே வண்டி வந்து நின்றது.

அப்பா ஒரு மூட்டை அரிசியோடு இறங்கினார். உள்ளே வந்தவர் குலுக்கைகளைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார். மாமனார் கையிலிருந்த விளக்குமாற்றைக் கீழே போடக்கூடத் தோன்றாமல் நின்றார்.

"உசுருக்குச் சேதமில்லல்லா அத்தான், அது போதும்" என்றார் அப்பா.

கிணற்றடியில் அவர் கால் கழுவத் தண்ணீர் ஊற்றும்போது எனக்கு அழுகை வந்துவிட்டது. "நம்மள ஏமாத்திட்டாவப்பா" என்றேன்.

"பைய பேசு ஏட்டி" என்று அவர் உள்பக்கம் பார்த்துக்கொண்டார். "அவுகள ஒண்ணும் கேட்டுராத. இருந்த நெல்லெல்லாம் ஒன் கல்யாணத்தோட போச்சு. நம்ம வீட்டுக் குலுக்கையிலயும் இப்போ உமிதான் கெடக்கு. ஒன் தங்கச்சியப் பாக்க தையில வாறாவ."

அந்த மூட்டை அரிசி எங்கிருந்து வந்தது என்று நான் கேட்கவில்லை. அன்றைக்கு அதைத்தான் உலையில் போட்டேன்.