முதலாளி இழுத்த காலண்டர் தாள்

காலையில் காலண்டர் தாளைக் கிழிக்கும்போதெல்லாம் அந்த முதலாளியின் ஞாபகம்தான் வந்து தொலைக்கிறது. உத்திரமேரூர் பக்கத்தில் அவருடைய ரைஸ் மில்லில் மூட்டைகளை எடை போடும் வேலை எனக்கு. லாரி ஓட்டிய டிரைவர் அண்ணன், ஜன்னல் விளிம்பில் வலது முழங்கையை ஊன்றியபடியே வருஷக்கணக்கில் ஓட்டியவர். சுண்டுவிரலும் மோதிரவிரலும் மரத்துப்போனதாக அவர் சொன்னபோது அறுவடை நெருங்கிக்கொண்டிருந்தது. ஆஸ்பத்திரியில் படுக்க வைத்துவிடுவார்கள் என்று முதலாளி அவரைத் தன் மச்சானிடம் அனுப்பினார். எலும்பு முறிவுக்கு முட்டைக் கட்டு போடுகிறவர் மச்சான். முழங்கையை மடக்கி இறுக்கிக் கட்டிவிட்டார். மடக்கினால்தான் அந்த விரல்களுக்குப் போகும் நரம்பு நசுங்கும் என்பது யாருக்குத் தெரியும்? கட்டைப் பிரித்தபோது விரல்கள் சுருண்டிருந்தன.

பிறகுதான் பெரியாஸ்பத்திரி. முழங்கையின் உள்பக்கம் கீறி, நரம்பை விடுவித்து முன்பக்கமாக நகர்த்தி வைத்தார்கள். வலி போய்விடும், வற்றிய சதை திரும்புவது சந்தேகம் என்றார் டாக்டர். விரலிடுக்கில் ஒரு தாளை வைத்து இழுத்துப் பார்த்தார். தாள் நின்றால் பலம் வந்துவிட்டதாம். இதை மில்லில் வந்து வெள்ளந்தியாகச் சொன்னார் அண்ணன்.

மறுநாளிலிருந்து ஆரம்பித்தது. முதலாளி தேதியைக் கிழிப்பார், மூட்டை தூக்குகிறவர்களைக் கூப்பிடுவார், தாளை அண்ணனின் விரலிடுக்கில் செருகுவார். "புடிடா பாப்போம். நின்னுச்சின்னா சாவி ஒனக்கு." தாள் வழுக்கிக்கொண்டு வந்துவிடும். எல்லோரும் சிரிப்பார்கள். ஸ்டீயரிங்கைத் தவிர வேறொன்றும் தெரியாத மனிதர், தினமும் குளித்து விபூதி பூசிக்கொண்டு வந்து கையை நீட்டுவார்.

ஒருநாள் தாள் நின்றது. முதலாளி சாவியைக் கொடுத்தார். அண்ணன் கண்ணைத் துடைத்துக்கொண்டு லாரியிடம் ஓடினார். உள்ளே புது டிரைவர் இன்ஜினைப் போட்டு உட்கார்ந்திருந்தான். அண்ணன் கையிலிருந்தது குடோன் சாவி.

"நான் இழுக்கவே இல்லடா!" என்று முதலாளி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

அந்த ஆள் நாசமாய்ப் போகவில்லை. போன மாதம் கோயில் கும்பாபிஷேகத்தில் பரிவட்டம் கட்டிக்கொண்டு நின்றார்.

அண்ணன் இப்போது கல்யாண மண்டபத்தில் வாட்ச்மேன். ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்தபோது நான் தேதியைக் கிழித்துக்கொண்டிருந்தேன். அவராகவே கையை நீட்டினார்.

"குடு தங்கச்சி. இப்போ பலம் வந்துகீது."

செருகி, மெதுவாகத்தான் இழுத்தேன். வந்துவிட்டது.

"இன்னா தங்கச்சி, நீ இப்டி இழுத்துட்டியே" என்றார். "மொதலாளியாவது அன்னிக்கு இழுக்காம வுட்டாரு."