பிரேக் டிரம்மில் தடவிய எண்ணெய்

இதை எழுதப் பல வருஷம் தயங்கினேன். ராணுவ ஏலத்தில் வாங்கிய என் பழைய வேனைப் பார்த்த ஆலங்குடி மெக்கானிக் காசிம் பாய், "பிரேக் டிரம்ல விரிசல், மாத்தணுங்க" என்றார். நல்லதைக் கழற்றிக்கொண்டு மட்டமானதை மாட்டிவிடுவாரோ என்று சந்தேகப்பட்டு, பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். அவர் மதியத் தொழுகைக்குப் போனதும், ஆவுடையார்கோவில் விளக்கிலிருந்து கொண்டுவந்த இலுப்பை எண்ணெயை, அவர் மாட்ட எடுத்துவைத்திருந்த புது டிரம்மின் உள்ளே சாமி காப்பாகத் தடவினேன்.

அன்று மாலை மனைவி மக்களோடு போகையில் பிரேக் பிடிக்கவில்லை. வேன் கண்மாய்க் கரையில் ஏறி, முள்வேலியில் மோதி நின்றது. மறுநாள் வேனை அவர் கடைக்கு இழுத்துவந்து, கடைத்தெருவே கூடும்படி கத்தினேன்: "மட்டமானத மாட்டி என் குடும்பத்தயே கொல்லப் பாத்தீங்களே பாய்."

அவர் சக்கரத்தைக் கழற்றி, உள்ளே விரலால் தொட்டு முகர்ந்தார். பிறகு என்னைப் பார்த்தார். என் எண்ணெய்தான் பிரேக்கை வழுக்கவிட்டது என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"என்ன பாய், காயலான் கடைச் சரக்கா?" என்று ஒருவர் சிரித்தார்.

"சரக்கு புதுசுதாங்க. உள்ள எண்ணெ பட்டிருக்கு. நாந்தான் பாக்காம மாட்டிட்டேன்."

நான் வாய் திறக்கவில்லை. அதன்பின் பல வண்டிக்காரர்கள் அவரிடம் போவதை நிறுத்திவிட்டார்கள். சாமி முன்னால் பலமுறை அழுதேன். பாயிடம் உண்மையைச் சொல்வதற்குள் அவர் காலமாகிவிட்டார். இதைப் பிறருக்குச் சொல்பவர்கள் ஒன்றையும் மாற்றாமல் சொல்லுங்கள். எண்ணெய் தடவியவன் நான்.