ஷவருக்குப் பக்கத்தில் ஒரு டிரம்

அந்த வருஷங்களில், காலை ஒன்பது மணிக்கு அரூர் பஸ்ஸிலிருந்து இறங்கி, பல்கலைக்கழக கேட்டைத் தாண்டி நடந்து, வேதியியல் துறையின் மாடிப்படியில் கால் வைக்கும்போது மேலே தண்ணீர் கொட்டும் சத்தம் கேட்கும். அட்டெண்டரம்மா நீல பிளாஸ்டிக் டிரம்மைச் சாய்த்து, முந்தின நாள் தண்ணீரை வராந்தா ஓரத்து வடிகாலில் ஊற்றிக்கொண்டிருப்பார். பிறகு டிரம்மின் உட்புறத்தைத் தேங்காய் நாரால் தேய்த்துக் கழுவி, கீழ்த்தளத்துக் குழாயிலிருந்து குடம் குடமாக ஏற்றி வந்து நிரப்புவார். ஏழெட்டுக் குடம் பிடிக்கும். நிரம்பியதும் ஒரு மக்கை விளிம்பில் மாட்டி, மேலே தட்டைப் போட்டு மூடிவிட்டு, இடுப்பைப் பிடித்துக்கொண்டு ஒரு நிமிஷம் நிற்பார். அந்த நேரத்தில்தான் நான் அவரைக் கடந்து போவேன். "வந்துட்டீங்களா மேடம்" என்பார். நான் தலையை ஆட்டுவேன். அந்த டிரம் ஏன் அங்கே இருக்கிறது என்று துறையில் மற்ற எல்லாரையும்விட எனக்கு நன்றாகத் தெரியும். அதனால்தான் நின்று பேசாமல் போவேன்.

டிரம் இருந்தது ஆய்வக வாசலுக்கு உட்புறம், எமர்ஜென்ஸி ஷவருக்கு இரண்டடி தள்ளி. அமிலமோ வேறு ரசாயனமோ மேலே பட்டுவிட்டால், ஓடிவந்து கைப்பிடியை இழுத்ததும் தலையிலிருந்து கால்வரை தண்ணீர் கொட்டுவதற்காக வைக்கும் ஷவர் அது. பல்கலைக்கழகத் தரத்தை மதிப்பிடும் குழு ஒன்று வருவதற்கு முந்தைய வாரம் அவசரமாகப் பொருத்தினார்கள். பச்சை பெயின்ட் அடித்த குழாய் சுவரோடு ஏறி, கூரையைத் துளைத்து மொட்டைமாடிக்குப் போகும். அங்கே தண்ணீர்த் தொட்டிக்குப் பத்தடி முன்னால் வாய் அடைத்து நின்றுவிடும். இணைப்புக் கொடுக்க வேண்டிய ஆள், குழு வந்து போன பிறகு வரவே இல்லை.

துறையின் பாதுகாப்பு ஒருங்கிணைப்பாளர் நான். விரும்பி எடுத்த பொறுப்பு அல்ல. துறைக் கூட்டத்தில் யார் என்று கேட்டபோது மற்றவர்கள் எல்லாம் குனிந்துகொண்டார்கள். நான் நிமிர்ந்திருந்தேன், அவ்வளவுதான். ஆண்டுக்கு ஒரு முறை ஒரு படிவம் வரும். அவசர ஷவர் உள்ளதா, இயங்குகிறதா என்று இரண்டு கட்டங்கள். துறைத்தலைவர், "லைன் இந்த மாசம் குடுத்துருவாங்க மேடம், ரெண்டுலயும் டிக் பண்ணிருங்க" என்றார். பண்ணினேன். அடுத்த ஆண்டும் பண்ணினேன். தீ ஒத்திகை நடந்ததா என்று இன்னொரு கட்டம். அதற்கு மாணவர்களை வேப்பமரத்தடியில் வரிசையாக நிறுத்திப் படம் எடுத்து ஒட்டினோம். இதெல்லாம் என் தூக்கத்தைக் கெடுத்தது என்று எழுத ஆசைதான். கெடுக்கவில்லை. வகுப்பு, விடைத்தாள், பஸ், சமையல் என்று களைத்துப்போய்ப் படுத்தால் தூக்கம் வந்துவிடும்.

அட்டெண்டரம்மாவுக்கும் எனக்கும் ஏறக்குறைய ஒரே வயது. வத்தல்மலை அடிவாரத்தில் ஊர். அவருடைய கணவர் எங்கள் துறையில்தான் அட்டெண்டராக இருந்தார். ஒருநாள் மதியம் ஸ்டோர் ரூமில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்தார். ஆம்புலன்ஸைக் கூப்பிடலாம் என்று ஒருவர், யாருடைய காரிலாவது ஏற்றிவிடலாம் என்று இன்னொருவர். கார் வைத்திருந்தவர் வகுப்பில் இருந்தார். பின்பக்க கேட்டின் சாவி யாரிடம் இருக்கிறது என்று தெரியவில்லை. தர்மபுரி பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. அந்த இடத்துக்கு வாரிசு வேலையாக அவர் மனைவி வந்தார். வந்த புதிதில் நான் ஆறுதலாக ஏதோ சொன்னேன், அன்றைக்கு எல்லாரும் எவ்வளவு பதறிப்போனார்கள் என்று. அவர் பீக்கர்களைத் துடைத்துக்கொண்டே, "ஆமாங்க மேடம், எல்லாரும் ஓடுனாங்கன்னு சொன்னாங்க. எங்க ஓடறதுன்னுதான் ஒருத்தருக்குந் தெரியலயாம்" என்றார். குரலில் கோபம் எதுவும் இல்லை. அதன் பிறகு நான் ஆறுதல் சொல்லப் போகவில்லை.

ஷவர் வந்த புதிதில் மூன்று முறை என்னிடம் கேட்டார்: "இதுல தண்ணி எப்பங்க வரும்?" மூன்று முறையும் சீக்கிரம் வரும் என்றேன். நான்காவது முறை அவர் கேட்கவில்லை. ஒரு திங்கட்கிழமை, தன் வீட்டிலிருந்து அந்த டிரம்மை டவுன் பஸ்ஸில் போட்டுக் கொண்டுவந்து இறக்கினார். கோடையில் போர் வற்றி லாரித் தண்ணீர் வரும் நாட்களிலும் முதல் குடம் அதற்குத்தான். மாணவர்கள் அதை 'அம்மாவோட நீச்சல் குளம்' என்று கிண்டல் செய்வார்கள். அவரும் சேர்ந்து சிரிப்பார். யாராவது அதில் கை கழுவப் போனால் மட்டும் முகம் மாறிவிடும். துறைத்தலைவருக்கு அதைக் கண்டாலே ஆகாது. ஆய்வகத்தில் கல்யாண வீட்டுப் பந்தல் மாதிரி டிரம் என்ன வேண்டிக்கிடக்கிறது என்பார்.

அடுத்த குழு வருவதாகத் தகவல் வந்த வாரம், டிரம்மை மாடிப்படிக்கு அடியில் வைக்கச் சொன்னார். அதைப் போய்ச் சொல்லும் வேலை எனக்கு வந்தது. "அவங்க வர்ற அன்னிக்கி மட்டும் எடுத்துக்கறேங்க. மத்த நாளு பசங்க ஆசிட்லதானுங்களே வேலை செய்யறாங்க" என்றார் அட்டெண்டரம்மா. "ஹெச்.ஓ.டி. சொல்றாரு, எடுத்துருங்க" என்றேன். எடுத்தார். இரண்டு நாள் கழித்துக் காலையில் படியேறும்போது மறுபடியும் தண்ணீர் கொட்டும் சத்தம் கேட்டது. டிரம் பழைய இடத்துக்கே வந்திருந்தது. பார்க்காதது போலக் கடந்து போனேன். அந்த வாரத்தில் நான் செய்த ஒரே நல்ல காரியம் அதுதான்.

அன்று பிற்பகல் முதலாண்டு எம்.எஸ்சி. மாணவர்களுக்கு உப்புப் பகுப்பாய்வு. தீர்த்தமலைப் பக்கத்துப் பெண் ஒருத்தி, அவள் வீட்டில் கல்லூரிக்கு வந்த முதல் ஆள், சோதனைக் குழாயில் அடர் கந்தக அமிலம் விட்டுச் சூடு காட்டிக்கொண்டிருந்தாள். பாதுகாப்புக் கண்ணாடி அணிந்திருக்கவில்லை. குழுவுக்குக் காட்ட வேண்டும் என்று கண்ணாடிகள் எல்லாம் பெட்டி பிரிக்காமல் பீரோவுக்குள் பூட்டிக் கிடந்தன. குழாய் பொங்கி முகத்தில் தெறித்தது. அவள் கத்தவில்லை. மூச்சை உள்ளே இழுக்கும் சத்தம்தான் கேட்டது. முகத்தைப் பொத்திக்கொண்டு, முதல் வகுப்பில் நான் சொல்லிக்கொடுத்தபடியே நேராக ஷவருக்கு ஓடினாள். தடவித் தடவிக் கைப்பிடியைப் பிடித்து இழுத்தாள். மறுபடி இழுத்தாள். கம்பி கிரீச்சிட்டது, வேறொன்றும் வரவில்லை. நான் நாலைந்தடி தூரத்தில்தான் நின்றேன். அவள் மூன்றாவது முறை இழுத்ததையும் பார்த்துக்கொண்டு நின்றேன்.

ஸ்டோரிலிருந்து அட்டெண்டரம்மா எப்படி அவ்வளவு வேகமாக வந்தார் என்று தெரியாது. அந்தப் பெண்ணின் கைகளை முகத்திலிருந்து விலக்கி, தலையைச் சாய்த்துப் பிடித்து, தண்ணீரை மொண்டு மொண்டு ஊற்றினார். "கண்ண தொற சாமி. எரியும், பரவால்ல, தொற. மூடாத." குரல் ஏறவே இல்லை. "மேடம், கோட்ட கழட்டுங்க, துப்பட்டாவ உருவுங்க" என்று என்னைப் பார்த்துச் சொன்ன பிறகுதான் எனக்குக் கை கால் ஓடியது. டிரம் பாதியானபோது, செய்வதறியாமல் நின்ற மாணவர்களைக் கீழ்க் குழாயிலிருந்து படிக்கட்டு வரை வரிசையாக நிற்கச் சொன்னார். குடங்கள் கைமாறி மேலே வந்தன. இடுப்பில் செருகியிருந்த பின்பக்க கேட் சாவியை எடுத்து ஒருவனிடம் கொடுத்து, ஆம்புலன்ஸுக்குத் திறந்து வைக்கச் சொன்னார். அந்தச் சாவி வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அவரிடம்தான் இருக்கிறது என்பது அன்றுதான் எனக்குத் தெரிந்தது. ஆம்புலன்ஸ் வரும்வரை, இருபது நிமிஷமாவது இருக்கும், நிறுத்தாமல் ஊற்றினார். தன் முழங்கையில் பட்டிருந்ததை அதற்கப்புறம்தான் கழுவிக்கொண்டார்.

ஆஸ்பத்திரியில் கண் டாக்டர் பரிசோதித்துவிட்டு வெளியே வந்து, "யாரோ ஒடனே நல்லா கழுவி விட்டிருக்காங்க. இல்லன்னா ரெண்டு கண்ணும் போயிருக்கும்" என்றார். கன்னத்திலும் புருவத்திலும் தழும்பு நின்றது. பார்வை தப்பியது. அவளுடைய அப்பா என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு அழுதார். காப்பாற்றியது நான் இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன், சொல்லவில்லை.

விசாரணை நடந்தது. அறிக்கையின் வரைவைத் துறைத்தலைவரே எழுதிக் கொண்டுவந்தார். ஷவர் அருகே அட்டெண்டர் அனுமதியின்றி டிரம் வைத்து வழியை மறித்திருந்ததால் மாணவியால் ஷவரை முறையாகப் பயன்படுத்த இயலவில்லை என்று ஒரு வரி இருந்தது. நான் அதைத் திரும்பத் திரும்பப் படிப்பதைப் பார்த்துவிட்டு, "தண்ணி லைன் இல்லன்னு எழுதலாம் மேடம். இயங்குதுன்னு டிக் போட்டது யாருன்னு அடுத்த கேள்வி கேப்பாங்க. ஒங்களுக்காகத்தான் சொல்றேன்" என்றார். கையெழுத்துப் போட்டேன்.

அட்டெண்டரம்மாவுக்கு விளக்கம் கேட்டு மெமோ போனது. அதை எடுத்துக்கொண்டு அவர் என்னிடம்தான் வந்தார். "எனக்கு இதுக்கெல்லாம் எழுத வராதுங்க. ஷவர்ல தண்ணி வர்லன்னு ஒரே ஒரு வரி எழுதிக் குடுங்க. நான் கையெழுத்து போட்டுக்கறேன்." நான், அப்படி எழுதினால் விஷயம் பெரிதாகிவிடும், மன்னிப்புக் கேட்டு எழுதிக் கொடுத்துவிட்டால் அத்தோடு விட்டுவிடுவார்கள் என்றேன். அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அறிக்கையில் என் கையெழுத்து இருப்பது அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். பிறகு, "சரிங்க, அப்ப நீங்களே எழுதிருங்க" என்றார். ஒரு பெண்ணின் கண்ணைக் காப்பாற்றியவருக்காக மன்னிப்புக் கடிதத்தை நான் என் கையால் எழுதினேன். அவர் எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

அத்தோடு விடவில்லை. அவருடைய பணிப்பதிவேட்டில் கண்டனக் குறிப்பு ஏறியது. அதைக் காரணம் காட்டி, வர வேண்டிய ஆய்வக உதவியாளர் பதவி உயர்வு அவருக்குப் பின்னால் சேர்ந்தவருக்குப் போனது. அவரைத் தேர்வுப் பிரிவுக்கு மாற்றினார்கள். டிரம் அகற்றப்பட்டது. விபத்துக்குக் காரணம் டிரம் என்று அறிக்கை சொல்லிவிட்டதால், டிரம் போனதும் குறை சரிசெய்யப்பட்டதாகக் கோப்பை மூடினார்கள். ஷவருக்கு யாரும் லைன் கொடுக்கவில்லை. தேர்வுப் பிரிவு இருப்பது எங்கள் கட்டடத்திலிருந்து இருநூறு தப்படி தூரத்தில். அதற்குப் பிறகு வந்த வருஷங்களில் நான் அங்கே போனதில்லை. விடைத்தாள் வேலை இருந்தால் வேறு யாரையாவது அனுப்புவேன்.

வரிசைப்படி போன ஆண்டு நான் துறைத்தலைவர் ஆனேன். அந்தப் பத்தடிக் குழாயைப் போட்டுத் தண்ணீர் வர வைக்க எனக்கு எட்டு மாதம் பிடித்தது. எட்டு மாதக் கடிதங்களுக்குப் பிறகு, இதை அன்றைக்கே செய்திருக்கலாம் என்று யாரிடமும் சொல்லிக்கொள்ளத் தெம்பு இல்லை. தண்ணீர் வந்த அன்று உட்கார்ந்து பதிவாளருக்கு ஒரு கடிதம் எழுதினேன். விபத்து நடந்தபோது ஷவரில் தண்ணீர் இல்லை, படிவத்தில் நான் போட்டது பொய்க் குறி, டிரம் வழியை மறிக்கவில்லை, மாணவியைக் காப்பாற்றியது அந்த அட்டெண்டர்தான் என்று. எனக்கு என்ன வரும் என்று காத்திருந்தேன். பெரிதாக ஒன்றும் வரவில்லை. எதிர்காலத்தில் கவனமாக இருக்கும்படி ஓர் ஓலை, அவ்வளவுதான். அவருடைய பதிவேட்டிலிருந்து குறிப்பு நீக்கப்படுவதாகத் தனியே ஓர் ஆணை வந்தது. பதவி உயர்வைப் பற்றி அதில் ஒரு வார்த்தையும் இல்லை.

அந்த ஆணையின் நகலை எடுத்துக்கொண்டு தேர்வுப் பிரிவுக்குப் போனேன். கூரை வரை விடைத்தாள் கட்டுகள் அடுக்கிய அறை. அட்டெண்டரம்மா ஜன்னலோரம் உட்கார்ந்து கட்டுகளுக்கு எண் ஒட்டிக்கொண்டிருந்தார். தலை நரைத்திருந்தது. புழுதியில் இருமினார். "வாங்க மேடம், உக்காருங்க" என்று நாற்காலியைத் தன் முந்தானையாலேயே தட்டிக் கொடுத்தார். நான் செய்ததையெல்லாம் சொன்னேன். ஆணையை விரல் வைத்துப் படித்தார். படித்து முடித்து நான்காக மடித்துக்கொண்டார்.

"இத நீங்க அன்னிக்கி எழுதியிருந்தா எனக்கு ஒதவியிருக்குங்க. இன்னிக்கி எழுதுனது ஒங்களுக்கு" என்றார். மடித்த தாளை இடுப்பில் செருகிக்கொண்டு, "பரவால்ல. அதும் வேணுமில்லீங்களா" என்றார்.

நான் எழுந்துகொண்டேன். அவரும் எழுந்தார். வாசல் வரை வருவார் என்று நினைத்தேன். அவர் எதிர்ச்சுவர் ஓரத்தில் அடுக்கியிருந்த கட்டுகளிடம் போனார்.

"இதுக்குப் பின்னால தீயணைக்கற சிலிண்டர் இருக்குதுங்க. போன வாரம் புதுக் கட்டு வந்தப்ப நான் லீவு, அடைச்சு வச்சிட்டுப் போயிட்டாங்க. இத்தன காயிதம் இருக்கற எடத்துல. ஒருத்தியா இழுக்க முடியல. அந்தப் பக்கம் புடிங்க மேடம்."

கைப்பையை நாற்காலியில் வைத்துவிட்டுப் பிடித்தேன். கட்டு கனமாக இருந்தது. ஒவ்வொன்றாக இழுத்து மறுபக்கம் வைத்தோம். சிலிண்டரின் சிவப்பு தெரிய ஆரம்பித்தபோது எனக்கு மூச்சு வாங்கியது. அவர் நிற்கவில்லை. நானும் நிற்கவில்லை.