இரண்டு கடைக்கு ஒரு புல்லர்

தெருவில் எல்லாரும் அவளை லாண்டரி அக்கா என்பார்கள். அவளுக்குப் பொய் சொல்ல வராது என்று ஒரு நல்ல பெயரும் உண்டு. கறை போகவில்லை என்றால் போகவில்லை என்று முகத்துக்கு நேரே சொல்லிவிடுகிற பழக்கத்தால் வந்த பெயர். ஆனால் சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் முழுங்குவதில் அவளை அடித்துக்கொள்ள ஆளில்லை. அது மட்டும் யாருக்கும் தெரியாது.

துணி பிழியும் மெஷின் கரகரவென்று கத்திவிட்டு நின்றுபோன காலையில் அவள் செய்தது அதைத்தான். கம்பெனி ரிப்பேர்காரரின் நம்பர் மெஷினின் நெற்றியிலேயே ஒட்டியிருந்தது. கூப்பிட்டால் மத்தியானத்துக்குள் முழு டூல் பெட்டியோடு வந்து நிற்பார். அவள் ஒரு ஈரத் துண்டை எடுத்து அந்த ஸ்டிக்கரை மூடிப் போட்டாள். அப்புறம் சாவகாசமாக எதிர்ச்சாரியைப் பார்த்தாள்.

எதிர்ச்சாரியில் இரண்டு மெக்கானிக் கடைகள், நடுவில் ஒரு சுவர். ஒன்று அவள் புருஷனுடையது, இன்னொன்று அவள் அண்ணனுடையது. சுவர் எழும்புவதற்கு முன் அது ஒரே கடை. புருஷனுக்குத் தெரு வைத்த பெயர் டமால். நட்டு இரண்டாவது திருகுக்கு அசையவில்லை என்றால் அவன் கை தானாகவே சுத்தியலைத் தேடும். அண்ணனுக்குப் பெயர் அளவு. டீ டம்ளரைக்கூடக் கண்ணுக்கு நேரே உயர்த்தி, எவ்வளவு இருக்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் வாயில் வைப்பான்.

சண்டை வந்ததே ஒரு புல்லரால்தான். சில பேரிங்குகள் பின்பக்கம் மூடிய குழிக்குள் உட்கார்ந்திருக்கும். பின்னாலிருந்து தட்டித் தள்ள வழியே கிடையாது. அதற்கென்று இருக்கும் புல்லரில் இரண்டு பாகம். பேரிங்கின் துளைக்குள் நுழைத்துத் திருகினால் அடியில் விரிந்து கவ்விக்கொள்ளும் தலை ஒன்று, அதன் மேல் மரையில் திருகி மாட்டும் நீளக் கம்பி ஒன்று. கம்பியில் கனமான இரும்புக் குண்டு ஓடும். குண்டை வேகமாக மேலே இழுத்தால் கம்பி முனையில் இருக்கும் தடுப்பில் போய் இடிக்கும். அந்த உதறலில் பேரிங் கொஞ்சம் கொஞ்சமாகக் கிளம்பி வரும். கம்பி ஒன்றுதான், தலைகள் மட்டும் பல அளவில் இருக்கும். ஒருநாள் டமால் கைக்குக் கிடைத்த சின்னத் தலையைப் போட்டு, மட்டுக்கு மீறி விரித்து இழுத்தான். நுனியால் மட்டும் பிடித்திருந்த தலை நழுவிக்கொண்டு எகிறி, பக்கத்தில் நின்ற அண்ணன் நெற்றியைப் பதம் பார்த்தது. "அவசரக் குடுக்கை" என்றான் அண்ணன். தனியாகச் சொல்லியிருந்தால் போயிருக்கும். கடை நிறைய ஆட்கள் இருக்கும்போது சொன்னான்.

பாகம் பிரித்தார்கள். ஸ்பேனர்கள் பாதிப் பாதி, ஸ்டூல் ஆளுக்கு ஒன்று. புல்லர் ஒன்றுதான் இருந்தது. விட்டுக்கொடுக்க இரண்டு பேருக்கும் மனசு வரவில்லை. தலைகள் அண்ணனுக்கு, கம்பியும் குண்டும் புருஷனுக்கு என்று அதையும் பிரித்தார்கள். உலகத்தில் வேறெந்த மெக்கானிக்கும் இந்தக் கூத்தைச் செய்திருக்க மாட்டான். அன்றிலிருந்து அந்த மாதிரி பேரிங் வந்தால் ஒருத்தன் "பார்ட்ஸ் கிடைக்காது" என்று கை விரிப்பான், இன்னொருத்தன் "வண்டியே பழசு" என்று முகத்தைச் சுளிப்பான். புதிதாக ஒன்று வாங்கினால் தோற்றுப்போன மாதிரி ஆகிவிடுமாம்.

அது அவர்கள் பாடு. அவளுக்கு உறுத்தியது வேறு. அண்ணன் அவள் வாசல் மிதிப்பதை நிறுத்திவிட்டான். முன்னறையில் லாண்டரி கவுண்டர், பின்னறையில் மெஷினும் குடித்தனமும் என்றிருந்த அந்த வீட்டுக்குள் செருப்பைக்கூடக் கழற்றாமல் நுழைந்து அவளிடம் திட்டு வாங்கியவன், இப்போது தெருவில் பார்த்தால் "சௌக்கியமா" என்று கேட்கிறான், யாரோ ஊரார் மாதிரி. அவள் அழுது பார்த்தாள், திட்டியும் பார்த்தாள். இரண்டு பேரும் மசியவில்லை. அண்ணனை எப்படியாவது இந்த வீட்டுக்குள் வரவழைக்க வேண்டும் என்பதைத் தவிர அவளுக்கு வேறு ஆசையே இல்லாமல் போயிற்று. பிழியும் மெஷினின் அடிப் பேரிங் மூடிய குழிக்குள்தான் இருக்கிறது என்பது ஒரு மெக்கானிக் பொண்டாட்டிக்குத் தெரியாதா?

ஆபத்தும் தெரியும். அந்தக் குழி இருக்கும் அடிப்பாகம் வார்ப்பு இரும்பு. உளி வைத்து அடித்தால் விரிசல் விடும். அந்த மாடல் இப்போது வருவதில்லை. விரிசல் விட்டால் மெஷின் போச்சு, அதோடு அவள் கடையும் படுத்துவிடும். தெரிந்துதான் துணிந்தாள்.

புருஷன் வந்தான். டிரம்மைக் கழற்றி ஓரமாக வைத்தான், குழிக்குள் டார்ச் அடித்துப் பார்த்தான், தலையைச் சொறிந்தான். கை உளிப் பக்கம் போனது.

"அதைக் கீழ வைங்க" என்றாள்.

"பின்ன எப்படிக் கழட்டுறதாம்?"

"புல்லர் போட்டு."

"என்கிட்ட கம்பி மட்டும்தான் இருக்கு."

"தலை எங்க இருக்குன்னு எனக்குத் தெரியும். நான் வர்ற வரைக்கும் நீங்க எதையும் தொடாதீங்க."

தெருவைக் கடந்து அண்ணன் கடைக்குப் போனாள். விஷயத்தைக் கேட்டுவிட்டு அவன் தலைகள் இருந்த பெட்டியை அப்படியே நகர்த்தினான். "எடுத்துட்டுப் போ. பேரிங் துளை என்ன அளவு?"

"எனக்கென்னண்ணே தெரியும்" என்றாள். பேரிங்கில் அடித்திருந்த நம்பரை மனப்பாடம் செய்துகொண்டுதான் வந்திருந்தாள். "சின்னதா ஏதாவது ஒண்ணு இருந்தாப் போதும்னாரு."

புருஷன் அப்படிச் சொல்லவே இல்லை. தெரு கொடுத்த நல்ல பெயர் அந்த இடத்தில் லேசாக அடிபட்டது.

"சின்னதா?" அண்ணன் ஸ்டூலை விட்டு எழுந்துவிட்டான். "போதும்னானா? இன்னுமா அவன் திருந்தலை?" அளவுக் கருவியைச் சட்டைப் பையில் செருகிக்கொண்டு, பெட்டியைத் தானே தூக்கிக்கொண்டு, அவளுக்கு முன்னால் தெருவைக் கடந்தான். கோபத்தில் வாசலைத் தாண்டியதே அவனுக்குத் தெரியவில்லை. செருப்போடு நுழைந்தான். இந்தத் தடவை அவள் திட்டவில்லை.

உள்ளே இரண்டு பேரும் ஒருத்தரையொருத்தர் பார்க்காமல் வேலையில் இறங்கினார்கள். பேச்சு எல்லாம் அவள் வழியாக.

"உங்க அண்ணன்கிட்ட சொல்லு, டார்ச் அங்க இருக்கு."

"உன் வீட்டுக்காரர்கிட்ட சொல்லு, எனக்குக் கண்ணு தெரியுது."

அண்ணன் துளையை அளந்தான். சுருங்கிய நிலையில் துளைக்குள் மட்டாக நுழையும் தலையாகப் பார்த்து எடுத்தான். அதை முழுக்க உள்ளே இறக்கி, அதன் கவ்வும் உதடு பேரிங்கின் அடியில் போய் உட்கார்ந்ததா என்று தடவிப் பார்த்து, நிதானமாகத் திருகி விரித்தான். கையால் ஒரு இழு இழுத்துப் பார்த்தான். அசையவில்லை.

"சுடுதண்ணில முக்கின துணியை வெளிப்பக்கம் சுத்தினா குழி கொஞ்சம் விரிஞ்சு கொடுக்கும்னு சொல்லு" என்றான் புருஷன்.

"நல்ல யோசனைதான்" என்ற அண்ணன் உடனே சுதாரித்துக்கொண்டான். "அதை அவர்கிட்ட சொல்ல வேணாம்."

லாண்டரியில் சுடுதண்ணீருக்கா பஞ்சம். துணி சுற்றியாயிற்று, கம்பியை மாட்டியாயிற்று. புருஷன் தன் கண்ணாடியைக் கழற்றி அவள் கையில் கொடுத்தான். வெல்டிங் வேலைக்குப் போடுகிற கண்ணாடி இல்லை, கண்ணில் சில்லு தெறிக்காமல் இருக்கப் போடுகிறது. "போட்டுக்கச் சொல்லு. நெத்தியோட போனது, கண்ணுக்கு வர வேணாம்."

அண்ணன் வாங்கிப் போட்டுக்கொண்டான். புருஷனுக்குப் பெட்டியில் இன்னொன்று இருந்தது. அவன் குந்தி உட்கார்ந்து அடிப்பாகத்தை அமுக்கிப் பிடித்தான். அண்ணன் குண்டில் கை வைத்தான். இங்கேதான் அவளுக்கு அந்தக் குறும்பு தோன்றியது.

"யாரோ துணி வாங்க வந்திருக்காங்க, இதோ வரேன்" என்று முன்னறைக்கு நழுவினாள். அங்கே ஈ காக்கை இல்லை. நடுவில் தொங்கிய திரைக்குப் பின்னால் நின்றுகொண்டு, மடித்து வைத்த போர்வையைப் பிரித்து மறுபடி மடித்தாள்.

உள்ளே ஒரு டங். இன்னொரு டங். யாரோ தொண்டையைச் செருமினார்கள். நடுவில் அவள் இல்லாததால் பேச்சே நின்றுபோயிருந்தது. சரி, கணக்கு தப்பிவிட்டது, மெஷினையும் உடைக்கப் போகிறார்கள் என்று அவள் போர்வையை இன்னொரு தடவை பிரித்தாள்.

"மச்சான், விரல்!"

புருஷன் குரல். போர்வை அவள் கையிலிருந்து விழுந்தது. திரையை விலக்கப் போனவள் அப்படியே நின்றாள்.

"எங்க?" என்றான் அண்ணன்.

"தடுப்புக்குக் கீழ விரலை வச்சிருக்க. குண்டு வந்து இடிச்சா விரல் இருக்காது. மேல கைப்பிடி இருக்குல்ல, அதைப் பிடி."

கம்பியில் கை மாறுகிற சத்தம். "நீ அடியை ஆட்டாமப் பிடி, மாப்ள."

"நான் எங்க ஆட்டுறேன்? நீதான் சாய்ச்சு இழுக்குற. சாய்ச்சா குழி கீறிடும்."

"எனக்கே சொல்லித் தரியா?"

"தரேன். நேரா இழு."

டங். டங். சாவதானமான டங். அப்புறம் சளக்கென்று ஒரு சத்தம், அதைத் தொடர்ந்து இரண்டு ஆண்களின் சண்டை. தலையைச் சரியாகத் தேர்ந்தெடுத்ததால் வந்தது என்று ஒருத்தன், சுடுதண்ணியால் வந்தது என்று இன்னொருத்தன். உள்வளையத்தைப் பிடித்து இழுத்த பேரிங்கைத் திரும்பப் போடக் கூடாது என்பதில் மட்டும் இரண்டு பேருக்கும் ஒரே பேச்சு. நேருக்கு நேர், ஒருத்தர் முகத்துக்கு ஒருத்தர் கத்திக்கொண்டார்கள். லாண்டரி அக்கா யாருடைய தலையணை உறை என்றுகூடப் பார்க்காமல் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அதை அப்புறம் மறுபடி துவைக்க வேண்டியதாயிற்று.

புது பேரிங் உட்கார்ந்து, மெஷின் சத்தமில்லாமல் ஓடியதைப் பார்த்த பிறகு, அவரவர் பாகத்தை எடுத்துக்கொண்டு கிளம்புவதுதான் பாக்கி. புருஷன் கம்பியைப் பிடித்தான், அண்ணன் தலையைப் பிடித்தான். முக்கினார்கள், முனகினார்கள்.

"இறுகிப்போச்சு மச்சான்."

"இத்தனை அடி வாங்கியிருக்குல்ல, மரை கடிச்சிருக்கும் மாப்ள."

துருப்பிடித்த நட்டுகளோடு மல்லுக்கட்டியே வயிறு வளர்த்த இரண்டு பேர். காலடியில் ஸ்பேனர்கள் இறைந்து கிடந்தன. ஒருத்தனும் ஒன்றைக்கூடத் தொடவில்லை.

"இங்கயே கிடக்கட்டும்" என்றான் அண்ணன். "வேணும்னா வந்து எடுத்துக்கலாம்."

"வேற வழி?" என்றான் புருஷன்.

அவர்கள் பேசிக்கொண்டே தெருவைக் கடந்து போனதும், அவள் புல்லரை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். எவ்வளவுதான் இறுகியிருக்கிறது பார்ப்போமே என்று மரையை இரண்டு விரலால் திருப்பினாள். வழுக்கிக்கொண்டு சுழன்றது.

அவளுக்குத் திக்கென்றது. யாராவது பார்த்துவிட்டார்களா என்று வாசலைப் பார்த்துக்கொண்டே அதை அவசரமாக மறுபடி திருகினாள். அது போதாது என்று தோன்றியது. தரையில் கிடந்த ஸ்பேனர்களில் பெரிதாகப் பார்த்து ஒன்றை எடுத்து, பல்லைக் கடித்துக்கொண்டு, இன்னும் ஒரு முறுக்கு இறுக்கினாள்.